தாய்ப்பலகையைத் தொடுமுன்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

முன்னுரை

இன்று கணிப்பொறி புகாத துறை இல்லை. வங்கியிலும் இரயில் நிலையத்திலும் மட்டுமன்றி, நம் சிவகாசி அச்சகங்களிலும் விருதுநகர் பருப்பு, எண்ணெய் மண்டிகளிலும் அது வந்து அமர்ந்துவிட்டது. ஆயினும் அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர்கள் நம்மில் சிலரே. அவ்வாறு பார்க்கவும், பாகங்களை வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளவும் விரும்பும் நண்பர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் இத்துறையில் வல்லவள் அல்லள். ஒரு பாகத்தைப் பாழாக்கி, அதன் பின்னர்க் கற்றுக்கொண்டவள். அந்த இழப்பு மற்றவர்க்கு நேரக்கூடாது என்பதே என் நோக்கம்.

தாய்ப்பலகை என்பது யாது?

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை, கணிப்பொறியின் பாகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் பச்சை அல்லது கருநிறப் பலகை. கணக்கிடும் செயலி, தற்காலிக நினைவகமாகிய ரேம், கோப்புகளைக் காக்கும் வட்டு, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய யாவும் இதில்தான் வந்து சேருகின்றன. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுப்படி முழுப் பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை இரு பக்கமும் 244 மில்லிமீட்டருக்கு மேற்படாது. கேபினெட் வாங்கும்போது இந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் செய்த பிழை

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆலையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் முழுவதும் போவதில்லை. சென்ற ஆண்டு, பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து ஒரு தாய்ப்பலகை, செயலி, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை வாங்கிவந்தேன். ரேம் பலகை ஒன்றும் வாங்கினேன். அது மட்டும் அம்மாவின் நான்கு நாள் கூலி. கடைக்காரர் எல்லாவற்றையும் என் கண் முன்னே ஓடவிட்டுக் காட்டித்தான் கொடுத்தார்.

அது மாசி மாதம். காற்றில் ஈரம் இல்லை. நான் பாலியஸ்டர் சுடிதாரும் நைலான் துப்பட்டாவும் அணிந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, மேசை மேல் பாலிதீன் தாளை விரித்து வேலையைத் தொடங்கினேன். நடுவில் எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து ரேம் பலகையை எடுத்தபோது விரல் நுனியில் 'சுருக்' என்றது. எறும்பு கடித்தாற்போல இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றையும் பூட்டி விசையை அழுத்தினேன். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது.

மறுநாள் அந்த ரேமை வேறு இரண்டு கணிப்பொறிகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வேலை செய்யவில்லை. இரவல் வாங்கிய வேறொரு ரேமை என் தாய்ப்பலகையில் வைத்தேன். உடனே திரை ஒளிர்ந்தது. கெட்டது ரேம்தான் என்பதும், கடையில் ஓடியது என் கையில்தான் கெட்டது என்பதும் தெளிவாயிற்று.

அன்றிரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கணிப்பொறி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுருக்குன்னுச்சா? வேலையில உக்கார முன்னாடி தகட்டைத் தொட்டியா தாயி?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். முதலாண்டுப் பாடத்தில் நிலைமின்னியலைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதைத் தினமும் கையாண்டு வருபவர் அவர்.

பட்டாசு ஆலையின் ஒழுங்கு

மருந்து அறைக்குள் நுழையுமுன், வாசலில் பதித்துள்ள செப்புத் தகட்டை ஒவ்வொருவரும் கையால் தொட வேண்டும். அத்தகடு கம்பி வழியே மண்ணில் இணைக்கப்பட்டிருக்கும். உடம்பில் ஏறியுள்ள மின்னூட்டம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். பருத்தி உடையே உடுத்த வேண்டும். நைலான், பாலியஸ்டர் கூடாது. இரும்புக் கருவிக்கு இடமில்லை. பித்தளையும் மரமுமே பழக்கம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. வெடிபொருள் விதிகள், 2008 என்னும் மைய அரசின் சட்ட விதிகளும், ஆலைகளின் நீண்ட அனுபவமும் சேர்ந்து வகுத்த ஒழுங்குகள் இவை.

இவ்வொழுங்கு தவறினால் என்னவாகும் என்பதை நம் வட்டாரத்தில் விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா வேறோர் ஆலையில் வேலை செய்தார் என்றாலும், அவர் வீடு திரும்பும் வரை பாட்டி வாசற்படியை விட்டு எழவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. விபத்துகளுக்குக் காரணங்கள் பல. உராய்வு, வெப்பம், அளவுக்கு மீறிய இருப்பு, நெரிசல் என அவை நீளும். நிலைமின் பொறியும் அவற்றுள் ஒன்று.

நம் மண்ணின் வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயிற்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, மருந்தும் தாளும் விரைவில் உலர இந்த வெயிலும் ஈரமற்ற காற்றும் உதவின. அதே ஈரமற்ற காற்றுதான் நம் உடம்பில் மின்னூட்டம் தங்கவும் காரணமாகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் தானே கசிந்துவிடும். எனவே கணிப்பொறி பூட்டுவதில் கடற்கரை ஊர்க்காரரைவிட நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

மனித உடம்பை ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் கொண்ட மின்தேக்கியாகக் கருதுவது வழக்கம். நாற்காலியிலிருந்து எழுவதாலும் விரிப்பின் மேல் நடப்பதாலும் உடம்பின் மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட்டு வரை எளிதாக ஏறும். உலர்ந்த நாளில் 10,000 வோல்ட்டையும் தாண்டும். மின்தேக்கியின் ஆற்றல், மின்தேக்குதிறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கி வருவதில் பாதி என்பது நாம் அறிந்த வாய்ப்பாடு. அதன்படி 10,000 வோல்ட்டில் நம் உடம்பில் உள்ள ஆற்றல் 5 மில்லிஜூல். காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய அலுமினியத் தூளைப் பற்றவைக்கச் சில மில்லிஜூல் போதும். செப்புத் தகடு ஏன் வாசலிலேயே இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனித் தாய்ப்பலகைக்கு வருவோம். விரல் நுனியில் 'சுருக்' என்பதை நாம் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 வோல்ட்டு வேண்டும். ஆனால் சில்லுகளுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமனே உடையது. நுட்பமான சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ட்டுக்கும் குறைவான தாக்குதலிலேயே சேதமடையும். நாம் உணராத, ஒலி எழாத, பொறி தெரியாத ஒரு தொடுகையே ஒரு சில்லைக் கொல்லக்கூடும் என்பது இதனால் பெறப்படும். சில வேளைகளில் அது உடனே சாகாமல் காயம்பட்டு, சில மாதங்கள் ஓடி, பிறகு காரணம் தெரியாமல் நின்றுபோவதும் உண்டு.

மணிக்கட்டுப் பட்டை

என் பெரியப்பா மகள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பணியாற்றுகிறாள். அங்கே வேலை மேசையில் அமருமுன் மணிக்கட்டில் ஒரு பட்டையை அணிந்து, அதன் கம்பியைத் தரையிணைப்பில் செருக வேண்டுமாம். அம்மா தொடும் தகடும் அக்கா அணியும் பட்டையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இப்பட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "வெறும் செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் போதாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். போதாது, அது உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கும் பட்டையின் கம்பிக்குள் 10 இலட்சம் ஓம் மின்தடை ஒன்று உண்டு. தவறுதலாக 230 வோல்ட்டு மின்சாரத்தில் கைபட்டாலும், அத்தடை வழியே செல்லும் மின்னோட்டம் 0.23 மில்லிஆம்பியரே. அதை உணரக்கூட மாட்டோம். மின்தடை இல்லாத கம்பியைக் கட்டிக்கொண்டால், உடம்பின் தடையை 1,500 ஓம் என்று கொண்டாலும், 150 மில்லிஆம்பியருக்கு மேல் பாயும். அது இதயத்தை நிறுத்தப் போதுமானது. அத்தனை பெரிய தடை இருந்தும் மின்னூட்டம் இறங்கத் தாமதம் ஆகாதா என்றால், ஆகாது. தடையையும் 100 பைக்கோஃபாரடையும் பெருக்கினால் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

பட்டை இல்லாதவர்கள் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு முறை எழுந்து அமரும்போதும் மீண்டும் தொட வேண்டும். நம் உடம்பும், கேபினெட்டும், பலகையும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி எழ வழியில்லை.

ஆயத்தங்கள்

மின்செருகியைச் சுவரிலிருந்து முற்றிலும் பிடுங்கிவிடுக. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வீடுகளில் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டு, சுவிட்சை அணைத்த பின்னும் மின்சாரம் நிற்பதுண்டு. பிடுங்கிய பின் கணிப்பொறியின் விசையைச் சில வினாடிகள் அழுத்தினால் பலகையில் மிஞ்சிய மின்னூட்டமும் வடியும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்கலாகாது. 230 வோல்ட்டு மாறுமின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட்டு. அதை ஏற்ற மின்தேக்கிகள் உள்ளே உள்ளன. செருகியைப் பிடுங்கிய பின்னும் அவை மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

பருத்தி உடை உடுத்துக. துப்பட்டாவையும் வளையல், மோதிரங்களையும் கழற்றி வைக்கவும். பலகையைப் பாலிதீன் தாளின் மேலோ போர்வையின் மேலோ வைக்காமல், அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைக்கவும். பலகையை எப்போதும் ஓரங்களில் பிடித்தே தூக்க வேண்டும். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்தால் தேட வேண்டியிராது.

பூட்டும் முறை

1. செயலி: செயலியின் ஒரு மூலையிலும் அதன் தளத்தின் ஒரு மூலையிலும் சிறு முக்கோணக் குறி இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்து, நெம்புகோலை உயர்த்திச் செயலியை மெல்ல இறக்குக. அழுத்தவே கூடாது, தன் எடையில் அது தானே அமர வேண்டும். எல்.ஜி.ஏ. வகையில் மெல்லிய முள்கள் தளத்தில் இருக்கும், எல்.ஜி.ஏ. 1700 என்றால் 1,700 தொடுமுனைகள் என்று பொருள். ஏ.எம்.4 வகையில் செயலியின் அடியில் 1,331 முள்கள் உண்டு. எவ்வகையாயினும் ஒரு முள் வளைந்தால் பலகையோ செயலியோ வீணாகக்கூடும்.

2. ரேம்: ரேம் பலகையின் அடியில் உள்ள வெட்டு, துளையில் உள்ள மேட்டோடு பொருந்த வேண்டும். டி.டி.ஆர்.3க்கு 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4க்கும் 5க்கும் 288. ஆனால் வெட்டின் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றை மற்றொன்றில் திணிக்க முயலாதீர்கள். நான்கு துளைகளும் இரண்டு ரேம்களும் இருப்பின், பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பூட்ட வேண்டும். பலகையோடு வரும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்க.

3. குளிர்விப்பான்: செயலியின் நடுவே ஒரு பட்டாணி அளவு வெப்பப் பசை போதும். குளிர்விப்பானின் அடியில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுக. நான்கு திருகாணிகளையும் ஒன்றுக்கு எதிர்மூலையில் மற்றொன்றாகச் சிறிது சிறிதாக முறுக்குக. விசிறியின் கம்பியைச் சி.பி.யூ. ஃபேன் என்று பொறித்த முனையில் செருகுக.

4. வெளியிலேயே ஒரு சோதனை: கேபினெட்டில் ஏற்றுமுன், அட்டைப் பெட்டியின் மேலேயே 24 முனைச் செருகியையும் செயலிக்குரிய 8 முனைச் செருகியையும் இணைத்து, திரையைப் பொருத்தி, ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். செயலியில் வரைகலைப் பகுதி இல்லையெனில் அதற்குரிய அட்டையும் வேண்டும். சோதனை முடிந்ததும் செருகியைப் பிடுங்கிய பின்பே அடுத்த வேலை.

5. கேபினெட்டில் ஏற்றல்: பலகைக்கும் கேபினெட்டின் தகட்டுக்கும் இடையே பித்தளை முட்டுகள் இருக்கும். பலகையில் துளை உள்ள இடத்தில் மட்டுமே முட்டு இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு முட்டு மிஞ்சியிருந்தால் அது பலகையின் அடியில் உள்ள முனைகளைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். கீழே விழுந்த திருகாணியும் அவ்வாறே. எண்ணி எடுத்து, எண்ணி முடிக்க வேண்டும்.

6. மின்னிணைப்பு: செயலிக்குரிய செருகியும் வரைகலை அட்டைக்குரிய செருகியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வடிவம் வேறு. கழற்றி மாட்டும் கம்பிகளை உடைய எஸ்.எம்.பி.எஸ்.ஸாயின், வேறொரு பெட்டியின் கம்பியை இதில் பயன்படுத்தலாகாது. முனை பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம், வட்டு கருகிவிடும்.

7. முன்பக்கக் கம்பிகள்: விசைக்கும் மறுதொடக்கப் பொத்தானுக்கும் நேர், எதிர் பேதம் இல்லை. ஒளிரும் விளக்குகளுக்கு உண்டு. விளக்கு எரியாவிட்டால் திருப்பிச் செருகினால் போதும்.

முதல் தொடக்கமும் அமைப்புப் பக்கமும்

செருகியை மாட்டியதும், விசையை அழுத்துமுன்பே சில பலகைகளில் ஒரு சிறு விளக்கு எரியும். கணிப்பொறி அணைந்திருந்தாலும் 5 வோல்ட்டுக் காத்திருப்பு மின்சாரம் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அவ்விளக்கு எரியும்போது ரேமையோ அட்டையையோ கழற்றுவது பெருந்தவறு.

விசையை அழுத்தி, டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் எனப்படும் அமைப்புப் பக்கம் தோன்றும். அங்கே முதலில் ரேமின் அளவு முழுமையாகக் காட்டப்படுகிறதா என்று பார்க்கவும். அடுத்துச் செயலியின் வெப்பநிலை. சில நிமிடங்களில் அது 80 பாகையைக் கடந்தால் குளிர்விப்பான் சரியாக அமரவில்லை, உடனே அணைக்கவும். பின்பு நாள், நேரத்தைத் திருத்துக. ஒவ்வொரு முறையும் நாள் பழைய ஆண்டுக்குத் திரும்பினால், சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அறிக. எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையை அமைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறலாம். ரேமின் வேகத்தை உயர்த்தும் அமைப்புகளை, கணிப்பொறி சில நாட்கள் நன்றாக ஓடிய பின் தொடுவதே நல்லது.

பயாஸ் மென்பொருளைப் புதுப்பிப்பதில் மட்டும் அவசரம் கூடாது. நடுவில் மின்சாரம் நின்றால் பலகையே எழாமற் போகலாம். காற்றும் மழையுமான நாளில் நம் ஊரில் அதைத் தொடவே வேண்டாம்.

என் பழைய பலகையில் விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே கட்டணமில்லாத லினக்ஸ் அமைப்பை ஏற்றினேன். பழைய பொறி என்று ஒதுக்கப்பட்டவை பல, இவ்வாறு மாணவர் கையில் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

திரை எழாவிட்டால்

பதற்றம் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. 8 முனைச் செருகியை மறந்தோமா, ரேம் இரு பக்கமும் 'டக்' என்று அமர்ந்ததா, திரையின் கம்பி சரியான முனையில் உள்ளதா என வரிசையாகப் பார்க்கவும். பிறகு ஒரே ஒரு ரேமை வைத்துச் சோதிக்கவும். அதன் பின்னும் பயனில்லையெனில், செருகியைப் பிடுங்கி, மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு முறையும் செருகியைப் பிடுங்குதல், உலோகத்தைத் தொடுதல் என்னும் இரண்டையும் விடலாகாது. ஐந்தாம் முறை அலுத்துப்போகும்போதுதான் தவறு நிகழ்கிறது.

முடிவுரை

இரண்டாம் முறை நான் பலகையைப் பூட்டியபோது அம்மா அருகில் அமர்ந்திருந்தார். அவருடைய பழைய பருத்திப் புடவையைத்தான் உடுத்தியிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்து அமர்ந்த ஒவ்வொரு முறையும் "தொட்டியா?" என்றார். தொட்டேன். திரை ஒளிர்ந்து எழுத்துகள் ஓடியபோது, "நல்லா இருக்கு, அணைச்சிட்டு வந்து சாப்பிடு" என்றார்.

நாம் பாடநூலில் வாய்ப்பாடாகக் கற்பவற்றை, நம் பெற்றோர் பலர் பழக்கமாகக் கற்றிருக்கின்றனர். தேர்வில் தவறினால் நமக்கு மதிப்பெண் குறையும். பழக்கத்தில் தவறினால் அவர்கள் வீடு திரும்ப மாட்டார்கள். நான் தவறியதால் போனது ஒரு ரேம் பலகை மட்டுமே என்பது என் நல்வாய்ப்பு. அடுத்த முறை கணிப்பொறியின் மூடியைத் திறக்கும் நண்பர்கள், திருப்புளியை எடுக்குமுன் நம் ஊர் மருந்து அறைகளின் வாசலில் உள்ள அச்செப்புத் தகட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.